வாடாத இரண்டு கட்டுகள்

மேசையின் மேல் இரண்டு கொத்தமல்லிக் கட்டுகள் இருந்தன. ஒன்று மண்தொட்டிக்குள், ஈரக் கோணிக்கு அடியில். மற்றொன்று வெளியே, எவர்சில்வர் தட்டில். இரண்டும் பச்சைப் பசேலென்று தலை நிமிர்ந்து நின்றன.

வேறு எந்த நாளிலும் அது நல்ல காட்சி. அன்று அது இருக்கக் கூடாத காட்சி. தட்டில் இருந்த கட்டு வாடியிருக்க வேண்டும். ஒரு பகலும் ஒரு இரவும் சும்மா காற்றில் கிடந்த கட்டு அது. அது தொங்கினால்தான் தொட்டிக்குள் இருப்பது ஏன் தொங்கவில்லை என்று நாங்கள் பேச முடியும். இரண்டும் நின்றால் எங்களிடம் பேச ஒன்றுமில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியின் பெரிய கூடம் அது. மாவட்ட அளவிலான மாணவர் அறிவியல் கண்காட்சி. எங்கள் மேசை எண் பதினேழு. நடுவர்கள் ஒன்பதாம் மேசையில் இருந்தார்கள். எனக்கு அப்போது பத்தாம் வகுப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள் என் வகுப்புத் தோழி மஞ்சுளா. அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி பஸ்களின் ஹாரனை வைத்தே எங்கள் பள்ளியில் மணி பார்த்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மஞ்சுளா போன் செய்தாள்.

“எல்லாத்தையும் எழுதற. கொத்தமல்லிய மட்டும் ஏன் விட்டுட்ட? அதுல உன் மேல தப்பு இருக்குன்னா?”

ஆமாம். அதனால்தான் விட்டிருந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

பின்பக்கம் காலியான தாள்கள்

முதலில் என் பட்டியல் பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள் உண்டு. எண்ணெய் மட்டம் சரியா, காற்று அழுத்தம் சரியா, கதவு பூட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் டிக் போடக் கட்டங்கள். கம்பெனியில் தாளின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் பழைய தாள்கள் கட்டுக்கட்டாக மிஞ்சும். அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். பின்பக்கம் வெள்ளை. என் வீட்டுப்பாடம் முழுக்க அந்த வெள்ளையில்தான்.

கணக்குப் போட்டுச் சலித்தால் தாளைத் திருப்பி முன்பக்கக் கேள்விகளைப் படிப்பேன். ஏழாம் வகுப்பிலேயே என் புத்தகப் பைக்கு ஒரு பட்டியல் போட்டு, தினமும் காலையில் டிக் அடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அம்மா சிரிப்பார். “பள்ளிக்கூடம் போறியா, ஷிப்டுக்குப் போறியா?”

சூளகிரிக்கும் பேரிகைக்கும் இடையில் உள்ள ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க சூளகிரிக்கு பஸ் ஏற வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கால்வாசிப் பேர் கன்னடம். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நாங்களும் சண்டை மட்டும் தெலுங்கில் போடுவோம். அது வேகமாக வரும்.

தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ‘சாதனை மாணவர்கள்’ என்று ஒரு பலகை. அதில் ஆறு பெயர்கள். ஐந்து பேர் ஓட்டப் பந்தயம், ஒருவர் கட்டுரைப் போட்டி. அறிவியல் என்ற தலைப்புக்குக் கீழே பெயின்ட் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியர் செல்வம் சார் அதைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

தண்ணீர்ப் பானைக்கு அடியில்

சூளகிரிப் பக்கம் வந்தவர்களுக்குக் கொத்தமல்லி வாசனை தெரிந்திருக்கும். ஹைவேயில் போகிற லாரியின் டீசல் புகைக்கு நடுவிலும் அது வரும். எங்கள் ஒன்றரை ஏக்கரிலும் கொத்தமல்லிதான். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடியாவிட்டால் வாடிவிடும். அதனால் பறிப்பு விடிவதற்கு முன்பே தொடங்கும்.

எங்கள் தோட்டத்துக்குப் பறிக்க வரும் பெண்களில் எல்லம்மாக்காவும் ஒருவர். மஞ்சுளாவின் அம்மா. மஞ்சுளாவும் அவரோடு வருவாள். நான் பல் தேய்த்துக்கொண்டு வரப்பில் நிற்கும்போது அவள் முக்கால் பாத்தியை முடித்திருப்பாள். அதன் பிறகு கைகால் கழுவி, சீருடை மாற்றி, எனக்கு முன்னால் பள்ளியில் இருப்பாள். அவள் நோட்டுகளின் ஓரமெல்லாம் லேசாகப் பச்சை ஏறியிருக்கும்.

மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள், சந்தையில் வரத்து கூடி, வாங்க ஆளில்லாமல் கட்டுகளை ரோட்டோரம் கொட்டியிருந்தார்கள். மாடுகூட முகர்ந்துவிட்டுப் போனது. நாங்கள் அதைத் தாண்டி நடந்தோம்.

“எங்க வூட்ல ஒரு கட்டு மூணு நாள் நிக்கும்” என்றாள் மஞ்சுளா.

“எப்படி?”

“தண்ணிப் பானைக்கு அடியில மணல் கொட்டி வெச்சிருக்கோம் இல்ல? அதுல சொருகி, ஈரத் துணி போட்டு மூடிருவேன். பானை கசியக் கசிய ஜில்லுன்னு இருக்கும்.”

அடுத்த நாளே செல்வம் சாரிடம் போனோம். பெரிய மண்தொட்டிக்குள் சின்ன மண்தொட்டி. இடையில் ஈர மணல். மேலே நனைத்த கோணி. மண் வழியாக நீர் ஆவியாகும்போது உள்ளே சூடு குறையும். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வரும் விஷயம்தான். சார் ரோஜா நர்சரி ஒன்றிலிருந்து இரண்டு தொட்டிகளை வாங்கி வந்து அடி ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்தார்.

மூன்று வாரம் சோதித்துப் பார்த்தோம். ஒரு கட்டு தொட்டியில், ஒரு கட்டு ஆய்வகத்தின் ஜன்னல் மேடையில். ஆய்வகத்தைச் சார் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். நான் மட்டும் மணிக்கு ஒருமுறை சாவி வாங்கிக்கொண்டு போய் வெப்பமானியைப் பார்த்து எழுதுவேன். வெளியே இருந்த கட்டு ஒவ்வொரு முறையும் ஒரே நாளில் படுத்துவிட்டது. தொட்டிக் கட்டு மூன்றாம் நாளும் நின்றது.

அந்தப் பூட்டின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களுக்கு இடம் இருந்தது. நான்தான் நிரப்பினேன். முதலில் என் பெயரை எழுதினேன். யோசனை யாருடையது என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன் என்று இன்று நான் சொல்லலாம்.

எல்லம்மாக்காவின் நிபந்தனை

கண்காட்சிக்கு இரண்டு நாள் கிருஷ்ணகிரி போய் வர வேண்டும். பறிப்பு உச்சத்தில் இருந்த வாரம் அது. எல்லம்மாக்காவைக் கேட்க நான்தான் போனேன். அவர் கட்டுக் கட்டிக்கொண்டே பேசினார். கை நிற்கவில்லை.

“ரெண்டு நாளா? ஆளு கூட்டியாற மேஸ்திரி என்ன சொல்லுவாரு தெரியுமா பாப்பா? ஒரு ஆளு நின்னா அந்த எடத்துக்கு இன்னொரு ஆளு வந்துரும்.”

“ரெண்டே நாள்தான்க்கா. ஸ்கூலுக்காக.”

“ஸ்கூலு இந்த வருசத்தோட முடியுது. அப்பறம் என்ன, முழு நாளும் என்கூடத்தான் வரப்போறா.”

மஞ்சுளா பாத்திக்கு அந்தப் பக்கம் குனிந்தபடியே இருந்தாள். அவளுக்கு இது புதிய செய்தி இல்லை. எனக்குப் புதிது. நாங்கள் இருவரும் சூளகிரியில் பதினொன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருவோம் என்று நான் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன்.

“அவ நல்லாப் படிக்கறாக்கா. இதுல பரிசு வாங்கினா?”

எல்லம்மாக்கா ஒரு கட்டை முடித்துக் கூடையில் போட்டார். “மொதல் பரிசு வாங்கட்டும். வாங்கினா பாக்கலாம். இல்லாட்டிப் பத்தோட நிறுத்திக்கலாம். ஏமே, கேட்டுக்கினியா?”

“ம்” என்றாள் மஞ்சுளா.

அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மகளைப் பத்துவரை கொண்டுவந்ததே அவர் கணக்கில் நீண்ட தூரம். அதற்கு மேல் படிப்பு எங்கே போகிறது என்று அவருக்குக் காட்ட, தெரிந்தவர்களில் ஒருவர்கூட இல்லை.

கிருஷ்ணகிரியில் மண் இல்லையா

வியாழக்கிழமை விடியலில் மஞ்சுளா ஒரே பாத்தியில் இரண்டு கட்டுகள் பறித்தாள். ஒரே அளவு, ஒரே கயிறு. நாங்கள் இரண்டு தொட்டி, ஒரு மூட்டை மணல், கோணி, தட்டு, அட்டைகளோடு பஸ் ஏறினோம். செல்வம் சார் பின்னால் சாமான்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். “உள்ள என்ன சார்?”

“மணல்.”

“கிருஷ்ணகிரில மண்ணு இல்லன்னு இங்கிருந்து எடுத்துட்டுப் போறீங்களா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. சார் காதுவரை சிவந்துபோனார். மஞ்சுளா மட்டும் தட்டில் இருந்த கட்டை ஜன்னல் காற்று படாமல் தாவணியால் மூடிக்கொண்டு வந்தாள். நான் அதை எடுத்துவிட்டேன். “அது வாடணும்டி.”

“தெரியும்” என்றாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி மூடியிருந்தாள்.

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி வெயில் எங்கள் பக்கத்தைவிட அதிகம். அது எங்களுக்குச் சாதகம் என்று கணக்குப் போட்டேன். மதியம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஊர் திரும்பினோம். மறுநாள் காலை எட்டரைக்கு வந்தபோது தட்டுக் கட்டு சொன்னபடி தலை தொங்கிக் கிடந்தது. அவ்வளவு அழகான வாடலை நான் பார்த்ததில்லை. தொட்டிக் கட்டு கம்பீரமாக நின்றது.

சார் வந்ததும் வராததுமாக அவரைச் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மஞ்சுளாவிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். அப்பாவின் கம்பெனித் தாளின் பின்பக்கம். இருபத்து மூன்று வரிகள். கோணியை நனை. வெப்பமானியைத் துடை. அட்டை நேராக இருக்கிறதா பார். நடுவர் வந்தால் வணக்கம் சொல். இப்படி.

“நான் போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். இதைப் பார்த்து ஒண்ணொண்ணா செய்.”

வரிசை நீளம். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

இருபத்து நான்காவது வரி

“யாரு தண்ணி ஊத்துனது?”

மஞ்சுளா பாட்டிலைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போல முகம் மாறியது.

“கோணி நனைச்சேன். மொதல் வரி. அப்ப இது வாடியிருந்துச்சு. கை தானாப் போயிருச்சு.”

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொத்தமல்லி வாடிக் கிடந்தால் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே நான்கு சொட்டுத் தெளித்துவிட்டுத்தான் நகரும். வேரோடு உள்ள கட்டு, தெளித்த அரை மணியில் எழுந்து நிற்கும். மஞ்சுளா எட்டு வயதிலிருந்து அதைச் செய்தவள். அவளை வாடிய கட்டின் பக்கத்தில் தண்ணீரோடு முக்கால் மணி நேரம் நிறுத்தியது நான்.

இதையெல்லாம் இன்று நிதானமாக எழுதுகிறேன். அன்று நான் சொன்னது வேறு.

“உனக்குக் கொத்தமல்லி பறிக்கறதைத் தவிர வேற என்னதான் தெரியும்?”

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பையனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அவன் ஓசூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து, கை நீட்டினால் தானே மூடி திறக்கும் குப்பைத்தொட்டியோடு வந்திருந்தான். அது யார் நடந்தாலும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மஞ்சுளாவுக்குக் கேட்டது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போய் நின்றாள். எங்கள் தோட்டத்தில் அவள் பறிப்பதை வரப்பில் நின்று பார்க்கிறவள் நான். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தால் அதற்கு வேறு கனம்.

என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றும் செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதது என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது நான் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பொருளை எங்கே வைத்தாலும் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவேன்: ‘இதை நல்லது ஆக்க வேண்டாம்.’ புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஏன் என்று நான் விளக்கியதில்லை.

நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள். மூவரில் கேள்வி கேட்டவர் ஒரு அம்மா. வேளாண்மை படித்தவர் என்று முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

“இது எப்ப பறிச்சது?”

“நேத்து விடியக்காலைல மேடம். ரெண்டும் ஒரே நேரத்துல.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தட்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? அப்ப தொட்டி எதுக்கு?”

எனக்குள் ஒரு பதில் தயாராகவே இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். தட்டில் இருப்பது இன்று காலை வைத்த புதுக்கட்டு, ஒப்பிடுவதற்காக வைத்தோம் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அழகான பொய். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்தேன்.

“நான் தண்ணி தெளிச்சுட்டேன் மேடம்” என்றாள் மஞ்சுளா.

“என்னது?”

“வெளிய இருக்கற கட்டு வாடித்தான் இருந்துச்சு. நான் தெரியாம தெளிச்சுட்டேன். அதான் நிக்குது.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “அப்ப உங்க ஒப்பீடு போச்சேம்மா. இதை வெச்சு நாங்க எப்படி மார்க் போடறது?” என்று பேனாவை மூடினார்.

மஞ்சுளா வகுப்பில் எழுந்து நின்று தமிழில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியவள் இல்லை. நடுவில் தெலுங்கு வந்து விழும், பையன்கள் சிரிப்பார்கள் என்று பயம். அன்று பேசினாள்.

“மேடம், ரெண்டு மணிக்கு வந்து பாருங்க. தெளிச்ச கட்டு நிக்காது. சந்தையில பழைய கட்டை இப்படித்தான் தெளிச்சு விப்பாங்க. பாக்கப் புதுசு மாதிரி இருக்கும். மத்தியானம் ஆனா அடியில கொழகொழன்னு ஆயிரும், இலை கறுத்துரும். தொட்டிக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும்.”

“ரெண்டு மணியா? எப்படித் தெரியும்?”

மஞ்சுளா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலைப் பார்த்தாள். விரல் நுனியால் கட்டின் அடியைத் தொட்டாள். “ரெண்டு மணி மேடம்” என்றாள் மறுபடி.

“மூணு மணிக்கு ரிசல்ட். நேரம் கெடைச்சா வர்றேன்.”

அவர்கள் பதினெட்டாம் மேசைக்குப் போனார்கள். குப்பைத்தொட்டி தன் மூடியைத் திறந்து அவர்களை வரவேற்றது.

தானாக வாடட்டும்

காத்திருப்பது எனக்கு வராது. நான் தாளை எடுத்து, தவறாகப் போகக்கூடியவை என்று ஒரு புதுப் பட்டியல் போட்டேன். ஒன்று, கட்டு வாடாமல் இருக்கலாம். இரண்டு, அது முன்கூட்டியே வாடி, நாங்கள் ஏதோ செய்தோம் என்று நினைக்கலாம். மூன்று, நடுவர் வராமலேயே போகலாம். மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

குப்பைத்தொட்டிப் பையன் நல்லவன். விஷயம் தெரிந்ததும் தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மேசை விசிறியை எடுத்து நீட்டினான். “இதை நேரா அது மேல வெச்சுடுங்க. ஒரு மணிக்கே படுத்துரும்.”

நான் கையை நீட்டிவிட்டேன்.

“வேணாம்” என்றாள் மஞ்சுளா. “ரெண்டு மணின்னு சொல்லியிருக்கேன். தானா வாடட்டும்.”

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டாள். எனக்கும் கொஞ்சம் மூடியில் வைத்தாள். நான் ஒரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தினேன்.

“காலைல சொன்னது…” என்று ஆரம்பித்தேன்.

“நீ சொன்னது சரிதான்” என்றாள் மென்றுகொண்டே. “பறிக்கறது தெரியும். அதனாலதான ரெண்டு மணின்னு சொன்னேன்? நீயா இருந்தா வெப்பமானியப் பாத்துட்டு நின்னிருப்ப.”

அவள் சிரித்தாளா என்று நினைவில்லை. சோறு புளித்தது மட்டும் நினைவிருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. போன வாரம் போனில்தான் சொன்னேன். “இப்ப எதுக்கு?” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஒன்றரைக்குத் தட்டுக் கட்டில் முதல் தண்டு சாய்ந்தது. ஒன்றே முக்காலுக்குப் பாதி. இரண்டு மணிக்குக் கட்டு முழுதும் தட்டின் விளிம்பில் முகம் வைத்துக் கிடந்தது. அடியில் இலைகள் கறுத்து, வழவழப்பாக, ஊறிப் புளித்த தவிடு போல ஒரு வாடை. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

நடுவரைக் காணவில்லை.

இரண்டே கால். இரண்டரை. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். மஞ்சுளா முதல்முறையாக நகம் கடித்தாள். நான் எழுந்து போனேன். நடுவர்கள் அறை வாசலில் டோக்கன் கட்டோடு செல்வம் சார் நின்றிருந்தார். “உள்ள மார்க் கூட்டறாங்க, போகக் கூடாது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவரே கதவைத் தட்டினார். பலகையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்க்கும் சார், அன்று நேராகப் பார்த்துப் பேசினார்: “மேடம், பதினேழாம் மேசைல ஒரு பொண்ணு உங்களுக்கு ரெண்டு மணின்னு சொல்லியிருக்கா.”

அந்த அம்மா டீ டம்ளரோடேயே வந்தார்.

கட்டைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். தட்டுக் கட்டைத் தூக்கினார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். கோணியை விலக்கித் தொட்டிக் கட்டை எடுத்தார். ஒரு தண்டை மடக்கினார். படக்கென்று ஒடிந்தது. கூடம் முழுக்க வாசனை போனது போல எனக்கு ஒரு நினைப்பு.

“இதை எங்கம்மா கத்துக்கிட்ட?”

“தோட்டத்துல மேடம். காலைல பறிக்கப் போவேன்.”

“அப்ப ஸ்கூலு?”

“பறிச்சுட்டு வருவேன்.”

அவர் பேனாவைத் திறந்தார்.

யானைக்கு அடுத்தபடி

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு நாட்றாம்பாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. காட்டோர வயலில் யானை கம்பியைத் தொட்டால் வீட்டில் விளக்கு எரியும் கருவி. நியாயமான பரிசு. மாநில அளவுக்கு அவர்கள்தான் போனார்கள்.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் சார் சான்றிதழை மூன்று முறை வாங்கிப் பார்த்தார். மஞ்சுளா ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. முதல் பரிசு என்றுதானே நிபந்தனை.

பொழுது சாய எங்கள் தோட்டத்துக்கு வந்தோம். எல்லம்மாக்கா மறுநாள் பறிப்புக்குக் கயிறு நறுக்கிக்கொண்டிருந்தார்.

“மொதலா?”

“ரெண்டாவதுக்கா” என்றேன்.

“மொதல் யாருக்கு?”

“யானை வந்தா வெளக்கு எரியறதுக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது சரி. யானைக்கு முன்னாடி கொத்தமல்லி எம்மாத்திரம்.”

நான் கையில் வைத்திருந்த எல்லா வாதங்களையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அவர் கண் தொட்டியின் மேல் இருந்தது. கோணியை விலக்கிக் கட்டை வெளியே எடுத்தார். வேரைப் பார்த்தார். தண்டை ஒடித்தார். அந்த நடுவர் செய்த அதே வரிசையில்.

“இது நேத்து விடிய நீ பறிச்சதா?”

“ம்” என்றாள் மஞ்சுளா.

“தெளிச்சியா?”

“இதுக்குத் தெளிக்கல.”

எல்லம்மாக்கா கட்டைத் திரும்ப உள்ளே வைத்து, கோணியை நான்கு பக்கமும் சரியாக இழுத்து மூடினார். “தொட்டிய இங்கியே வெச்சுட்டுப் போங்க” என்றார். திரும்பக் கயிறு நறுக்கக் குனிந்தார்.

பள்ளிப் பலகையில் அறிவியலுக்குக் கீழே பெயர் எழுதும் நாள் வந்தபோது பெயின்டர் என்னிடம் பெயர்களைத் தாளில் எழுதிக் கேட்டார். மஞ்சுளா என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பொதுத்தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, சூளகிரிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கினார்கள். நான் இரண்டு படிவம் வாங்கினேன். ஒன்றை மடித்துக்கொண்டு காலையில் தோட்டத்துக்குப் போனேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது செங்கல்லில் பெரிதாக இன்னொன்று கட்டியிருந்தார்கள். மேஸ்திரியும் பறிப்புப் பெண்களும் மிஞ்சிய கட்டுகளை அதில்தான் அடுக்கினார்கள்.

படிவத்தை நீட்டினேன். எல்லம்மாக்கா அதை வாங்கவில்லை. வெயிலைப் பார்த்தார்.

“சூளகிரி பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“எட்டேகால்க்கா.”

“அப்ப எட்டு வரைக்கும் பறிக்கலாம்.”

“ஏழே முக்கால்” என்றாள் மஞ்சுளா பாத்தியிலிருந்து நிமிராமலே.

எல்லம்மாக்கா அவள் முதுகைப் பார்த்தார். “வாயப் பாரு. செரி, ஏழே முக்கால்.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். மெதுவாக, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். படிவத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் பச்சையாகப் பதிந்துவிட்டது. நான் அழிக்கப் பார்த்தேன், போகவில்லை.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். நின்றார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“என்னம்மா இது, கொத்தமல்லி வாசனை வருது?”

“இன்னிக்குக் காலைல பறிச்சதுங்க சார்” என்றாள் மஞ்சுளா.